மரம் இறக்கும் குழுவில் சேர்பவருக்கு: தரையிலிருந்து உச்சி வரை

சாய்க்க இடமிருக்கும் மரத்துக்குத் தனிக் குழு தேவையில்லை. பழகிய ஒருவரும் நல்ல ரம்பமும் போதும். கூரை, கம்பி, சுற்றுச்சுவர், நிறுத்தி வைத்த வண்டி என்று நாலு பக்கமும் நெருக்க, நடுவில் நிற்கும் மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்குவதுதான் மரமேறிகளின் தொழில். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செயின்சாவின் சத்தத்தைக் கேட்டு ஆசைப்பட்டு வருகிறார்கள். வேலைக்குள் வந்த பிறகுதான், ஒரு நாளில் அது ஓடும் நேரம் எவ்வளவு குறைவு என்று தெரியும். பார்ப்பது, கணக்குப் போடுவது, கட்டுவது, இழுப்பது, கூட்டுவது என்றே மீதிப் பொழுது போகும்.

வெட்டு வைக்கும் முன் எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் துண்டு பிரிந்ததும் இதன் எடை எங்கே போகும்? தரைக்கா, கயிற்றுக்கா, கயிறு தொங்கும் கவட்டைக்கா, உங்கள் மேலேயா? பதில் சொல்லத் தெரியாதபோது ரம்பத்தை அணைத்துவிட்டுக் கீழே இருப்பவரிடம் பேசுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

முதல் சில மாதம் தரையில்

சிறிய குழுவென்றால் மூன்று பேர்: ஏறுபவர் ஒருவர், கயிறு விடுபவர் ஒருவர், தழையை இழுத்து, அதைத் துண்டு துண்டாகச் சிதைக்கும் சிப்பர் இயந்திரத்தில் கொடுப்பவர் ஒருவர். இவர்களில் அனுபவம் கூடியவர் மேஸ்திரி. எவ்வளவு சின்ன மரமானாலும் தனியாக ஏறக்கூடாது. கீழே நிற்பவர்களில் ஒருவருக்காவது ஏறி ஆளை இறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

புதியவரின் இடம் தரைதான். மட்டமான வேலை என்பதால் அங்கே நிறுத்துவதில்லை. ஒரு கிளை எப்படி விழுகிறது, எந்தப் பக்கம் புரள்கிறது, கயிறு எப்போது முறுக்கேறுகிறது என்பதையெல்லாம் கீழிருந்துதான் முழுதாகப் பார்க்க முடியும். இருநூறு துண்டு இறங்குவதைக் கண்ணால் பார்த்தவர் மேலே போனால், அவர் கை தானாக நிதானிக்கும்.

தரையில் இருக்கும்போதே முடிச்சுகளைப் பழகிவிடுங்கள். எண்ணிக்கை முக்கியமில்லை, ஆறு போதும்: எட்டு முடிச்சு, போலைன், ரன்னிங் போலைன் என்னும் ஓடுசுருக்கு, இரண்டு அரைமுடிச்சோடு சேர்ந்த கிளோவ் முடிச்சு, கப்பியைத் தாங்கும் குட்டைக் கயிறான ஸ்லிங்கை மரத்தில் கட்ட கௌ முடிச்சு, ஏறுகயிற்றில் உரசிப் பிடிக்கும் பிளேக்ஸ் முடிச்சு. கையுறையோடும், கண்ணை மூடியும், முதுகுக்குப் பின்னாலும் போடத் தெரிந்தால்தான் தெரிந்ததாகக் கணக்கு. முடிச்சைப் போட்டதும் புரிகளை ஒழுங்காகப் படிய வைத்து, இறுக்கி, வால் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். கயிற்றின் குறுக்களவைப்போல் பத்து மடங்குக்குக் குறையாமல் வால் விடுவது நல்ல பழக்கம். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, சில முடிச்சுகளில் அதற்கும் மேல். பின்னால் எடைக் கணக்குப் போடும்போது இதை மறக்கக்கூடாது.

மரத்தைப் படித்தல்

வண்டியிலிருந்து சாமானை இறக்கும் முன் மரத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நடக்க வேண்டும். நடக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் வேர், அடுத்து அடிமரம், பிறகு கவட்டைகள், கடைசியில் உச்சி. ஆள் இயல்பு உச்சியை அண்ணாந்து பார்ப்பது. ஆபத்து பெரும்பாலும் காலடியில் இருக்கும்.

வேரடியில் மண் ஒருபக்கம் பிளந்தோ தூக்கியோ இருந்தால், மரம் ஏற்கனவே சாயத் தொடங்கிவிட்டது என்று பொருள். தூரில் அலமாரிப் பலகைபோல் ஒட்டி நிற்கும் காளான்கள் உள்ளே வேரோ அடிமரமோ அழுகியதைச் சொல்லும். அடிமரத்தை மரச்சுத்தியலால் நாலு பக்கமும் தட்டிக்கொண்டே மேலே வாருங்கள். கெட்டியான மரத்தின் ஓசையும் உள்ளே வெற்றாகிக் கோறை விழுந்த மரத்தின் ஓசையும் வேறு என்பது ஒரு வாரத்தில் காதுக்குப் பழகிவிடும். கோறை இருந்தாலே மரம் உதவாது என்றில்லை. சுற்றியுள்ள நல்ல மரத்தின் கனம், அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைகிறதா என்பதைப் பார்ப்பார்கள். குறைந்தால் அதில் கயிறு கட்டிச் சுமை இறக்குவதை யோசிக்கவே வேண்டாம். பக்கத்தில் பொந்தின் வாய் திறந்திருந்தால் அந்த அளவும் போதாது.

கவட்டையில் இரண்டு கிளைகளுக்கும் நடுவே பட்டை உள்மடிந்து கிடந்தால், அது சேர்ந்து வளர்ந்த கவட்டையாகத் தோன்றினாலும் உள்ளே ஒட்டே இல்லை. அங்கே கயிறு போடாதீர்கள். உச்சியில் முறிந்து எங்கேயோ தொற்றிக்கொண்டிருக்கும் காய்ந்த கிளைகள், குளவிக்கூடு, தேன்கூடு, முன்பு யாரோ கட்டிப் பட்டைக்குள் புதைந்த இரும்புக் கம்பி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பி தனிக் கதை. மின்வேலைக்குத் தனிப் பயிற்சி பெறாதவர், 50 கிலோவோல்ட் வரையிலான கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியே வேலை செய்ய வேண்டும் என்பது பல நாட்டுப் பாதுகாப்பு விதிகளில் உள்ள அளவு. அழுத்தம் கூடினால் தூரமும் கூடும். இந்த 3 மீட்டர் உங்கள் உடம்புக்கு மட்டுமல்ல, கையிலுள்ள ரம்பத்துக்கும், வெட்டிய கிளைக்கும், ஆடும் கயிற்றுக்கும் சேர்த்துத்தான். கம்பியின் மேல் கறுப்பு உறை தெரிவதால் அதைத் தொடலாம் என்று எண்ண வேண்டாம், அது காற்றுமழைக்காகப் போட்ட உறையாகவும் இருக்கலாம். ஈரக் கயிறும் பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும். தூரம் விட முடியாத மரமென்றால் மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும் வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பது உத்தமம்.

முழுதாகக் காய்ந்து பட்டை உரியும் மரத்தில் ஏறவே ஏறாதீர்கள். பட்டையோடு கால்முள் கழன்றுவிடும், சொல்லாமல் கிளை முறியும். ஆளை மேலே தூக்கும் மேடை வண்டியோ கிரேனோ வர வழியில்லையென்றால் அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் குழுதான் நல்ல குழு.

உடம்பில் மாட்டுபவை

தாடைப்பட்டையுள்ள ஹெல்மெட், கண்ணாடி அல்லது வலைமுகமூடி, காதுமூடி, கணுக்காலை மூடும் பூட்ஸ், செயின்சா பேன்ட். இந்தப் பேன்ட்டுக்குள் நீள நீளமான நார்கள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி துணியைக் கிழித்ததும் நார்கள் வெளியே இழுபட்டுப் பல்சக்கரத்தில் சுற்றி ரம்பத்தை நிறுத்திவிடும். ஆகவே ஒருமுறை வெட்டுப்பட்ட பேன்ட்டைத் தைத்துப் போடக்கூடாது, தூக்கி எறிந்துவிட வேண்டும். தரையில் நிற்பவருக்கு முன்பக்கம் மட்டும் நார் வைத்தது போதும். ஏறுபவர் காலை எப்படி எப்படியோ மடக்கி நிற்பவர், அவருக்குச் சுற்றிலும் நார் வைத்ததே சரி.

ஏறுகயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் கனத்தில், அதிகம் நீளாத ரகமாக இருக்க வேண்டும். மலையேறிகள் பயன்படுத்தும் நீளும் கயிறு இதற்கு ஆகாது. அதில் தொங்கினால் மேலும் கீழும் ஊஞ்சலாடுவீர்கள், ரம்பத்தோடு ஊஞ்சலாடுவது நல்லதல்ல. கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கிகளான காராபினர்கள் தானாகப் பூட்டிக்கொள்ளும், மூன்று அசைவில் மட்டுமே திறக்கும் வகையாக இருக்கட்டும். கிளை உரசி ஒரு அசைவில் திறந்துவிடும் காராபினரைச் சாவிக்கொத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிப் போடும் லேன்யார்டில் உள்ளே எஃகுக் கம்பி ஓடும் ரகமும் உண்டு. கைரம்பத்தின் வெட்டை அது ஓரளவு தாங்கும், ஓடும் செயின்சாவை நம்பித் தாங்கவிட முடியாது. கம்பி மின்சாரம் கடத்தும் என்பதால் மின்பாதை அருகே அது வேண்டாம்.

கயிறு பார்ப்பது தினக் காலை வேலை. கையுறை இல்லாமல் முழு நீளத்தையும் உள்ளங்கையில் ஓடவிடுங்கள். கட்டிதட்டிய இடம், மெலிந்த இடம், உருகிக் கண்ணாடிபோல் மினுங்கும் இடம், உறை பிய்ந்து உள்ளிழை தெரியும் இடம் எதைக் கண்டாலும் அதை ஏறுகயிற்றிலிருந்து தள்ளிவையுங்கள். பெட்ரோலும் பேட்டரி அமிலமும் இருக்கும் பெட்டியில் கயிற்றைப் போடும் பழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. கயிற்றின் மேல் கறை தெரியாமலே உள்ளிழை கெட்டுவிடும்.

ஏறுவது

1. எறிகயிறு போடுங்கள். 2 மில்லிமீட்டர் கனமுள்ள வழுக்கும் நூல், நுனியில் 300 முதல் 400 கிராம் வரை எடையுள்ள ஈயப்பை. குறிவைத்த கவட்டையில் விழுந்ததும் அதை வைத்து ஏறுகயிற்றை மேலே இழுங்கள். பை சிக்கிக்கொண்டால் நூலைக் கையில் சுற்றி வெட்டி இழுக்காதீர்கள். சட்டென விடுபடும் பை உங்கள் முகத்தைத் தேடித்தான் வரும்.

2. கயிறு விழுந்த இடம் பச்சை மரம்தானா, நல்ல கவட்டைதானா என்று முடிந்தால் இருநோக்கியில் பாருங்கள். 10 செ.மீ. குறுக்களவுக்குக் குறைந்த கிளையை நம்ப வேண்டாம், மெத்தென்ற மரமானால் அதற்கும் மேல் வேண்டும்.

3. இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிச் சோதியுங்கள். எடைக் கேள்வி இங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. கயிற்றின் ஒரு முனையை அடிமரத்தில் கட்டிவிட்டு மறுமுனையில் நீங்கள் ஏறினால், மேலே உள்ள கவட்டை சுமப்பது உங்கள் எடையைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. 80 கிலோ ஆளுக்கு 160 கிலோ. ஒருவர் மட்டும் தொங்கிப் பார்த்த சோதனை இதற்குக் காணாது.

4. இடுப்பையும் தொடையையும் தாங்கும் பட்டைக்கச்சையான ஹார்னஸை மாட்டி, உரசுமுடிச்சைப் போட்டு, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் தொங்குங்கள். முடிச்சு பிடிக்கிறதா, விட்டால் ஒழுங்காக இறங்குகிறதா என்று அங்கேயே பாருங்கள். புதுக் கயிற்றில் பழைய முடிச்சுக் கயிறும், ஈரக் கயிற்றில் எல்லா முடிச்சும் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

5. ஏறும்போது வழியிலுள்ள தளர்ந்த கிளைகளை அகற்றிக்கொண்டே போங்கள். இறங்கும்போது அவசரமாக இறங்க நேரலாம்.

ஸ்பர் என்னும் கால்முள்ளைக் கட்டி ஏறுவது முழுதாக அகற்றப்போகும் மரத்துக்கு மட்டுமே. உயிரோடு நிற்கப்போகும் மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு காயம், நோய்க்கு ஒரு வாசல். மெல்லிய பட்டைக்குக் குட்டை முள், தடித்த பட்டைக்கு நீண்ட முள். முழங்காலை மரத்தோடு ஒட்டவைத்தால் முள் மேல்நோக்கிச் சரிந்து உருவிக்கொள்ளும். முழங்கால் மரத்தைவிட்டு விலகி, எடை குதிகாலுக்கு மேலே நேராக இறங்க வேண்டும். முதல் வாரம் பாதம் எரியும், கெண்டைக்கால் துடிக்கும். அடிப்பாகம் விறைப்பான பூட்ஸ் போட்டால் பாதி வலி குறையும்.

மேலே செயின்சாவை இழுத்துத் தொடங்கும் முன் உங்களை மரத்தோடு பிணைக்கும் இணைப்பு இரண்டு இருக்க வேண்டும்: ஏறுகயிறு ஒன்று, லேன்யார்டு ஒன்று. கிளையெல்லாம் போய் மொட்டைக்கம்பாக நிற்கும் அடிமரத்தில் ஏறுகயிற்றை மாட்டக் கவட்டை இருக்காது. அப்போது, வெட்டுக்குக் கீழே மரத்தைச் சுற்றிச் சுருக்குப் போட்டு ஏறுகயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள். லேன்யார்டு மட்டும் போட்டு நிற்பவருக்குக் கையில் வெட்டு விழுந்தால், ஒவ்வொரு அடியாக முள்ளை ஊன்றித்தான் இறங்க வேண்டும். சுருக்குக் கயிறு இருந்தால் ஒரே வழுக்கில் தரைக்கு வந்துவிடலாம்.

வெட்டுகள்

கட்டைவிரல் கனக் கிளைக்குச் செயின்சாவைத் தூக்காதீர்கள். நல்ல வளைந்த கைரம்பம் அதைவிட வேகம், சத்தமில்லை, இரண்டாவது கை சும்மா இருக்கிறது. செயின்சாவை எடுத்தால் இரண்டு கையும் அதன்மேல். ஒரு கையால் கிளையைப் பிடித்து மறுகையால் ரம்பத்தை ஓட்டுவது எல்லாக் குழுவிலும் யாராவது ஒருவர் செய்வதுதான். அவருடைய இடது முன்கையைப் பார்த்தால் பெரும்பாலும் தழும்பு இருக்கும். பிளேடின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது தட்டினால் ரம்பம் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். இலைதழைக்குள் நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெட்டாதீர்கள்.

படுக்கைக் கிளைக்கு முதலில் கீழ்வெட்டு, கனத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை. பிறகு சற்று வெளியே தள்ளி மேல்வெட்டு. கீழ்வெட்டில்லாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால் கிளை முறியும்போது பட்டையும் மரமும் அடிமரம் வரை உரிந்து வரும். அந்த உரிவு உங்கள் லேன்யார்டுக்குள் போனால் அதோடு நீங்களும் இழுபடுவீர்கள். கீழ்வெட்டை ஆழமாக்கினாலும் தொல்லைதான், கிளையின் எடையில் வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்விக்கொள்ளும்.

கையால் தள்ளக்கூடிய குறுந்துண்டுக்கு இணைவெட்டு நல்லது. ஒரு பக்கம் நடுவைத் தாண்டி ஒரு வெட்டு, எதிர்ப்பக்கம் அதற்கு 2 அல்லது 3 செ.மீ. மேலேயோ கீழேயோ நடுவைத் தாண்டி இன்னொரு வெட்டு. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கக்கூடாது. பிறகு ரம்பத்தை அணைத்து இடுப்பில் மாட்டிவிட்டு, துண்டை இரு கையாலும் அசைத்தால் படக்கென்று பிரியும். துண்டு நகரும்போது ஓடும் ரம்பம் கையில் இல்லை என்பதே இந்த வெட்டின் பெருமை.

உச்சியைக் கழிக்கும்போது விழும் பக்கம் ஒரு முன்வெட்டு, கனத்தில் கால் முதல் மூன்றில் ஒன்று. பின்வெட்டு வந்து நடுவில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் கீல் நிற்க வேண்டும். கீல் என்பது கதவுக்கீல்போலவே: துண்டு திரும்பும் திசையை அதுதான் சொல்கிறது. உச்சி போகும்போது மரத்தைப் பின்னுக்கு உதைத்துவிட்டுப் போகும், அப்புறம் மொட்டைக்கம்பு முன்னும் பின்னும் ஆடும். லேன்யார்டை இறுக்கி, இரு முள்ளையும் நன்றாக ஊன்றி, ஆடி முடியும் வரை ஒன்றும் செய்யாமல் இருங்கள். நன்றாகச் சாய்ந்து நிற்கும் உச்சியைப் பின்னாலிருந்து மட்டும் அறுத்தால், கீல் வரும் முன்பே மரம் நெடுக்குவாட்டில் மேல்நோக்கிப் பிளந்து நாற்காலி முதுகுபோல் எழும். அடிமரத்தோடு லேன்யார்டில் கட்டுண்ட ஆளுக்கு அதைவிடக் கெட்டது வேறில்லை. அப்படிப்பட்டதை முதல் வருடத்தில் தொடாதீர்கள்.

பனை, தென்னை வகைகளில் கீலை நம்பவே கூடாது. அவற்றில் ஆண்டு வளையமோ வைரமோ கிடையாது, நார்க்கட்டுகளின் கூட்டம்தான் அந்த அடிமரம். கீல் வளையாமல் சட்டெனப் பிய்ந்துவிடும். இன்னொன்று: காய்ந்த மட்டைகள் பாவாடைபோல் தொங்கும் மரத்தில் மட்டைகளுக்குக் கீழே நின்று அறுக்கக்கூடாது. மொத்தப் பாவாடையும் ஒரேயடியாகச் சரிந்து ஆளை அடிமரத்தோடு அமுக்கிவிடும், மூச்சுமுட்டி இறந்தவர்கள் உண்டு. மேலிருந்து கீழாகத்தான் கழிக்க வேண்டும்.

கயிற்றில் இறக்குதல்

தொழிலின் உயிர்நாடி இதுதான். கீழே போட இடமில்லாத துண்டை வெட்டுவதற்கு முன்பே கயிற்றில் கட்டி, மேலே ஒரு கப்பி வழியாக விட்டு, அடிமரத்தில் கட்டிய உருளையில் சுற்றி, கீழே ஒருவர் மெல்ல விடுவார். போர்ட்டா ராப் என்று பல குழுக்களில் பெயர் சொல்லும் அந்த எஃகு உருளையில் எத்தனை சுற்று என்பதே பிரேக். துண்டு கனக்கக் கனக்கச் சுற்று கூடும்.

முதலில் எடை. பச்சை மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய 800 முதல் 1,100 கிலோ வரும். கணக்குக்கு 1,000 என்று வைத்துக்கொண்டால் மனத்திலேயே போட்டுவிடலாம். 40 செ.மீ. குறுக்களவு, 1.5 மீட்டர் நீளம்: ஆரம் 0.2, அதன் வர்க்கம் 0.04, அதை 3.14 ஆலும் நீளம் 1.5 ஆலும் பெருக்கினால் 0.188 கன மீட்டர், அதாவது 188 கிலோ. அதே நீளத்தில் 80 செ.மீ. துண்டு? இரு மடங்கல்ல, நாலு மடங்கு, 750 கிலோவுக்கு மேல். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுவே. உச்சியில் ஒன்றரை மீட்டர் துண்டு எடுத்துப் பழகிய கை, அடியில் வந்தும் அதே ஒன்றரை மீட்டரை எடுக்கும். கீழே வரவர நீளத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

அடுத்து, அந்த எடை எங்கே போகிறது என்பது. துண்டு சும்மா தொங்கும்போதே கப்பி கட்டிய இடம் சுமப்பது கிட்டத்தட்ட இரு மடங்கு: துண்டின் பக்கம் ஒரு பங்கு, உருளையின் பக்கம் இன்னொரு பங்கு. உரசலால் கொஞ்சம் குறையும், அவ்வளவே. இது அசையாத சுமைக்கு. மொட்டைக்கம்பில் கப்பி வெட்டுக்குக் கீழே இருக்கும், துண்டு கப்பிக்கு மேலே இருக்கும். துண்டு தலைகீழாக விழுந்து, கப்பியைத் தாண்டி, கயிறு விறைக்கும்போதுதான் நிற்கும். அந்த உதறல் எடையைப்போல் பல மடங்கு. நீங்கள் கட்டியிருப்பதும் அதே கம்பில்தான். இதைக் குறைக்க மூன்று வழி: துண்டைச் சிறிதாக்குவது, கப்பியை வெட்டுக்கு முடிந்தவரை ஒட்டக் கட்டுவது, கீழே இருப்பவர் கயிற்றை ஓடவிட்டு மெதுவாக நிறுத்துவது. மூன்றாவது, அடியில் வெறும் இடம் மிச்சமிருந்தால்தான் முடியும்.

கயிற்றின் முறிபலம் 7,000 கிலோ என்று போட்டிருந்தால் அதில் 700 கிலோவுக்கு மேல் ஏற்றாமல் இருப்பது வழக்கம். பத்தில் ஒன்று என்பது கோழைத்தனம்போலத் தோன்றும். முடிச்சு தின்றது, வயது தின்றது, உதறல் தின்றது எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது அவ்வளவு அதிகமில்லை.

துண்டைக் கட்டும் விதம்: வெட்டுக்கு மேலே ஒரு அரைமுடிச்சு, அதற்கு மேலே ஓடுசுருக்கு. அரைமுடிச்சு கட்டையைக் கவ்வுகிறது, சுருக்கு நழுவாமல் காக்கிறது. வெறும் சுருக்கை மட்டும் போட்டால் வழுவழுப்பான பட்டையில் கயிறு சரிந்து துண்டு உருவிக்கொள்ளலாம். கிளையென்றால் எங்கே கட்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அடிப்பக்கம் கட்டினால் நுனி முதலில் சாயும், நுனிப்பக்கம் கட்டினால் அடிப்பக்கம் முதலில் இறங்கும். கூரை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெட்டும் முன், துண்டு பிரிந்து ஊசலாடும் பாதையில் உங்கள் உடம்பும் உங்கள் ஏறுகயிறும் இல்லையென்று பாருங்கள். இரண்டு கயிறும் ஒரே நிறத்தில் இருந்தால் வேலை முடிவதற்குள் ஒருமுறையாவது மாற்றிப் பிடிப்பீர்கள். வேறு வேறு நிறம் வாங்குங்கள்.

கயிறு விடுபவருக்கு

கையுறை கட்டாயம். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ ஒருபோதும் சுற்றிக்கொள்ளக்கூடாது. காலடியில் கயிற்றுச் சுருள் கிடந்தால் அதற்குள் நிற்கக்கூடாது, ஓடும் கயிறு கணுக்காலைப் பிடித்தால் உருளைவரை இழுத்துப்போகும். நிற்கும் இடம் துண்டுக்கு நேர் கீழே இருக்கக்கூடாது, கயிற்றின் நேர்கோட்டிலும் இருக்கக்கூடாது.

சுற்று எத்தனை என்பது புத்தகத்தில் வராது. முதல் துண்டைச் சிறியதாக எடுக்கச் சொல்லி, அதில் கயிறு எப்படி ஓடுகிறது என்று கையால் உணர்ந்து பார்த்து ஏற்ற வேண்டும். அதிகம் சுற்றிவிட்டால் கயிறு ஓடாது, முழு உதறலும் மேலே நிற்பவரைப் போட்டு ஆட்டும். குறைவாகச் சுற்றினால் உள்ளங்கை வெந்துவிடும், கயிற்றை விட்டுவிடுவீர்கள். இரண்டில் எது பரவாயில்லை என்ற வாதம் எல்லாக் குழுவிலும் உண்டு. கூரைக்கு மேலே வேலை நடக்கும்போது யாரும் வாதம் செய்வதில்லை, ஒரு சுற்று கூடுதலாகவே போட்டுவிடுவார்கள்.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். மேலிருந்து "விலகுங்க", கீழிருந்து பார்த்துவிட்டு "விலகியாச்சு, வெட்டுங்க". பதில் வராமல் வெட்டில்லை. "நிறுத்து" என்ற சொல்லை மட்டும் குழுவில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அன்று சேர்ந்த பையனும் சொல்லலாம். விழுமிடத்துக்குள் தழை எடுக்கப் போவதென்றால் மேலே ரம்பம் நின்ற பிறகு, மேலே இருப்பவர் உங்களைப் பார்த்துத் தலையாட்டிய பிறகு.

சிப்பர்

தழையை அடிப்பக்கத்தை முன்வைத்துக் கொடுங்கள், பக்கவாட்டில் நின்று கொடுங்கள், உருளை கவ்வியதும் விட்டுவிட்டு விலகுங்கள். கிளை உள்ளே போகும்போது வால்போல் விசிறி அடிக்கும். குட்டைத் துண்டைக் கையாலும் காலாலும் தள்ளக்கூடாது, நீளக் கிளை ஒன்றை மேலே வைத்து அதோடு அனுப்புங்கள். நீண்டு விரிந்த கைப்பிடியுள்ள கையுறை, தொங்கும் கயிறு, அவிழ்ந்த சட்டை மூன்றும் ஆகாது. எல்லாவற்றையும்விடக் கொடியது தழைக்குள் மறைந்து கிடக்கும் கயிறு. ஏறுபவரின் கயிற்று வால் தழையோடு சிப்பருக்குள் போனால், அது மேலே இருப்பவரையும் சேர்த்தே இழுக்கும். கயிறுகள் பைக்குள் இருக்க வேண்டும், சிப்பரைத் தள்ளி நிறுத்த வேண்டும். கூட்டிய குப்பையைப் போட்டால் கல்லும் மண்ணும் கத்தியைத் தின்றுவிடும்.

மிஞ்சிய அடிமரம்

எஞ்சியதைச் சாய்க்க, நிற்கும் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்துக்கு வேலையில் இல்லாத யாரும் இருக்கக்கூடாது. விழும் திசைக்குப் பின்னால் இருபக்கமும் சாய்வாக ஓட வழி வெட்டிவையுங்கள். முன்வெட்டை அகலமாக, 70 பாகை வரை திறந்தால் மரம் தரையை நெருங்கும் வரை கீல் பிடித்திருக்கும். பின்வெட்டில் இடம் கிடைத்தவுடன் பிளாஸ்டிக் ஆப்பை இறக்குங்கள். இரும்பாப்பு சங்கிலியைச் சிதைத்துவிடும். கீழே கிடக்கும் கட்டையைத் துண்டாக்கும்போது எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பார்த்து, அமுங்கிய பக்கம் சிறிதாக வெட்டி, பிறகு இழுபட்ட பக்கம் முடியுங்கள்.

மேலே ஒருவருக்கு ஏதாவது ஆனால்

வேலை தொடங்கும் முன்பே நாலு கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும்: யார் ஏறுவார், அவருடைய ஹார்னஸும் கயிறும் எங்கே, இந்த இடத்தின் முகவரியை ஆம்புலன்ஸுக்கு யார் சொல்வார், வண்டி உள்ளே வர வழி இருக்கிறதா. மின்சாரம் தாக்கியதாகச் சந்தேகம் இருந்தால் இணைப்பு அறுந்தது உறுதியாகும்வரை யாரும் மரத்தைத் தொடக்கூடாது. நினைவிழந்து ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்குச் சில நிமிடங்களே ஆபத்தாகலாம், இறக்குவதில் தாமதம் கூடாது. செயின்சா காயத்தில் ரத்தம் பீறிட்டால் நேரடியாக அழுத்துங்கள். கைகாலில் அழுத்தத்துக்கும் நிற்காவிட்டால் இறுக்குப்பட்டை போட்டு, போட்ட நேரத்தைக் குறித்துவையுங்கள். காயத்துணியும் இறுக்குப்பட்டையும் ஏறுபவரின் ஹார்னஸிலேயே தொங்கட்டும், வண்டியிலுள்ள முதலுதவிப் பெட்டி 20 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு எட்டாது. ஆளை இறக்கும் பயிற்சியை மாதம் ஒருமுறையாவது தாழ்ந்த கிளையில் செய்து பாருங்கள்.

மாலையில்

சங்கிலி மரச்சீவலாகத் தள்ளினால் கூர் இருக்கிறது, மாவாகத் தள்ளினால் மழுங்கிவிட்டது. மழுங்கிய ரம்பத்தை அமுக்கி வெட்டுபவர் கை தடுமாறும். ஏறுபவர்களின் சிறு ரம்பங்களில் பெருவழக்காக இருக்கும் தாழ்ந்த எட்டில்மூன்று அங்குலச் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், 30 பாகைச் சாய்வு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. ஒரு பக்கப் பல் குட்டையானால் ரம்பம் வளைந்து வெட்டும். எரிபொருளில் பெட்ரோலும் எண்ணெயும் ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய். பழைய கலவையை மறுமாதம் ஊற்றாதீர்கள்.

விரல் நுனி வெளுத்து மரத்துப்போவது ரம்பத்தின் அதிர்வு செய்வது. குளிரில் முதலில் தெரியும். அதைப் பெருமையாகப் பேசாமல் மேஸ்திரியிடம் சொல்லி ரம்பத்தை மாற்றிப் பிடிக்க ஆள் கேளுங்கள், முற்றினால் திரும்பாது. மதியத்துக்குப் பிறகு, கடைசிக் கயிறு அவிழும் முன்பு ஒருமுறை எல்லோரும் தண்ணீர் குடிக்க உட்காருவது பழைய குழுக்களின் வழக்கம். அடிமரம் சாய்ப்பதை அதற்குப் பிறகுதான் தொடங்குவார்கள்.